பதினேழாவது கோடு

– கையெழுத்துப் போட மாட்டேன், எல்தியார். டீ ஆறுது, குடி.

– டீயா இப்ப முக்கியம், சைரகுல் அக்கா? மூணு மணிக்கு இந்தத் தகவல் இணைப்புப் படம் அமைச்சர் மேஜையில இருக்கணும். இருபத்திரெண்டு அலுவலகம் ஒப்புதல் குடுத்தாச்சு. உங்க பிறப்புப் பதிவு அலுவலகம் மட்டும்தான் பாக்கி.

– அவங்கல்லாம் படத்தைப் பார்த்தாங்களா, இல்ல கையெழுத்துப் போட இடம் எங்கன்னு மட்டும் பார்த்தாங்களா?

– கிண்டல் பண்ணாதீங்க. ரெண்டு வருஷ உழைப்பு. ஒரு ஆளுக்கு ஒரே பதிவு. தலைநகர் பிஷ்கேக்ல தட்டினாலும் கடைக்கோடி பத்கென்ல தட்டினாலும் அதே விவரம் வரணும். அவனவன் தன் போன்லயே பார்த்துக்கலாம். ஜனங்க சன்னல் சன்னலா சான்றிதழைத் தூக்கிட்டு அலைஞ்சது போதாதா?

– போதும், யாரு இல்லேன்னா? மத்த கோடெல்லாம் இருக்கட்டும். பதினேழாவதை மட்டும் அழி. எங்க ஏட்டுல இருந்து பொதுப் பதிவுக்குப் போகுதே, அது.

– அதை அழிச்சா அம்மா பேரு எங்கேருந்து வரும்?

– சான்றிதழ்ல இருந்து எடுத்துக்கோ. அதுல வளத்தவ பேரு இருக்கும். எங்க ஏட்டுல இருக்கிறது பெத்தவ பேரு. கோச்கோர் ஊர்ல வெள்ளோட்டம் விட்டீங்களே, என்னாச்சு தெரியுமா? மேரிம்னு ஒரு பொண்ணு, பன்னெண்டு வயசு. டீச்சர் திரையைப் பார்த்துட்டு, வகுப்பு நடுவுல, "உனக்கு ரெண்டு அம்மா பேரு வருது, சரியான அம்மாவைக் கூட்டிட்டு வா"ன்னுட்டா.

– அது டீச்சர் பண்ண தப்பு.

– நீ காட்டாம அவ எதைப்பா வாசிப்பா? பிள்ளையில்லாத பெரியப்பன் வீட்டுக்குன்னு பொறந்த அன்னிக்கே குடுத்த குழந்தை. ஊருக்கே தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கல. இப்ப அது ரெண்டு வீட்டு ரொட்டியையும் தொட மாட்டேங்குது. இது மாதிரி நாலாயிரம் பேருக்கு உன் மெஷின் "பிழை"ன்னு போட்டிருக்கு. நம்ம வழக்கம் உனக்குப் பிழையா?

– நீங்க போடலைன்னா வேற ஆளை உக்கார வச்சுப் போட வைப்பாங்க, அக்கா. உங்க வேலை போயிடும்.

– போகட்டும். முப்பது வருஷமா அந்தப் பக்கங்களை நான்தான் பூட்டி வச்சிருக்கேன்.

– பெத்தவ பேரைக் கேட்டு வந்தவங்களையும் திருப்பி அனுப்பியிருக்கீங்க.

– அனுப்பினேன். அழுதாங்க, டீ ஊத்திக் குடுத்தேன். வளத்தவ கையெழுத்து இல்லாம திறக்க மாட்டேன்.

– அவ செத்துப் போயிருந்தா?

– அப்ப சொந்தக்காரங்க சொல்லட்டும். பக்கத்துல உக்கார வச்சு, தலையைத் தடவி, பெரியவங்க வாயால தெரியணும்.

– சொல்ல மாட்டேன்னு எல்லாரும் வாயைக் கட்டிக்கிட்டா? அவன் சாகற வரைக்கும் தெருவுல போற ஒவ்வொரு பொம்பளை முகத்தையும் பார்த்துக்கிட்டே போகணுமா?

– கத்தாதே, வெளியில ஆளுங்க இருக்காங்க. என்னடா இப்படி கல்நெஞ்சா இருக்கே? உன்னைப் பெத்தவ இதைக் கேட்டா என்ன சொல்லுவா?

– அவ யாருன்னு தெரிஞ்சா கேட்டுச் சொல்லியிருப்பேன், அக்கா. அதுக்குத்தான் இந்தப் படத்துலயே பதினேழாவது கோட்டை முதல்ல வரைஞ்சேன்.