ரிப்பனுக்கு முன் ரப்பர் முத்திரை

அவையை ஆளும் தலைவர் அவர்களே! ரிப்பன் வெட்ட வந்திருக்கும் அமைச்சர் அவர்களே! என்னைவிட மூத்தும் என்னைவிட நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துபோகும் நாடு நம் நாடு. ஆனாலும் நமக்கென்று கொடி உண்டு, கடல் உண்டு, காவல் உண்டு. நாம் யார் என்ற பதிவு மட்டும் கடலுக்கு அப்பால், அந்நியக் கம்பெனியின் கணினியில் கிடந்தது. "செலவு மிச்சம்" என்றார்கள். "கூடாது" என்றேன். தொலைபேசிக் கம்பம் ஏறிப் பிழைத்த எனக்குக் "கம்பிக் கிழவர்" என்று பட்டம் கட்டினார்கள். அங்கே யார் சிரிப்பது? சிரியுங்கள். கைதட்டவும் போகிறீர்கள்!

அந்தக் கணினியோடு நம்மை இணைத்த கடலடிக் கேபிள் அறுந்த அன்று, என் மகள் கப்பலிலிருந்து இறங்கினாள். குடிவரவு மேசையில் இருந்தவன் என் தங்கை மகன். பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தான். திரை வெறுமையாக நின்றது. பதிவைப் பார்க்காமல் யாரையும் விடாதே என்பது உத்தரவு. தடுப்புக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தான்.

"மாமா, இவ யாருன்னு எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியலையே!"

"ஏன்டா, என் முன்பல்லை உடைச்சவனே நீதானே? அதையும் வெளிநாட்டுக்காரன்தான் வந்து சொல்லணுமா?" என்றாள் என் மகள்.

அவ்வளவுதான்! மேசை இழுப்பறையிலிருந்து பழைய ரப்பர் முத்திரையை எடுத்தான், தூசியை ஊதினான், குத்தினான். "எனக்குத் தெரிந்த குடிமகள்" என்று எழுதிக் கையெழுத்திட்டான். வரிசையில் நின்ற நம்மவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து உள்ளே விட்டான்.

அன்று நம் இறையாண்மை எங்கே இருந்தது? கம்பெனியின் கணினியிலா? கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலா? இல்லை! அந்தப் பையனின் கையில் இருந்தது! தன் மக்களைத் தானே அறியும் நாடு சிறிய நாடா? சொல்லுங்கள்!

இதோ, கைதட்டுகிறீர்கள்.

இன்று பதிவுகள் வீடு திரும்பிவிட்டன. மீனுக்குக் குளிர் தந்து, இன்று திறப்பு விழாக் காணும் இந்தப் பழைய ஐஸ் தொழிற்சாலை, நம் கணினிகளுக்குக் குளிர் தருகிறது. நகல் எங்கும் இருக்கட்டும். மூலம் நம் மண்ணில், சாவி நம் கையில்! பெருமை. பெரும் பெருமை.

ஆனால் அமைச்சர் அவர்களே, உத்தரவை மீறிக் குத்திய அந்த முத்திரைக்காக என் தங்கை மகனுக்குக் கொடுத்த மெமோ இன்னும் நிற்கிறது. கடைசி வரிசையில் தலைகுனிந்து இருக்கிறான், பாருங்கள். தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, கம்பம் ஏறியவனுக்கு இடியே பழக்கம்! மெமோ ரத்து என்று இந்த மைக்கில் அமைச்சர் சொல்லட்டும். பிறகு ரிப்பன் வெட்டலாம். தட்டில் இருந்த கத்தரிக்கோலைத் தேடாதீர்கள், அது என் சட்டைப்பையில் இருக்கிறது.

காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. பதில் வரும்வரை இங்கேயே நிற்கிறேன். வணக்கம்!