மனதுக்குள் சொன்ன பிஸ்மி

“இல்ல சேர், பழைய பிளாக்கே போடுவோம்னு சொன்னது நான்தான். அதுல தப்பில்ல.”

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கினேன். புதிய எஞ்சின் பிளாக் அலுமினியம், சுவர் மெல்லியது. பழையது வார்ப்பிரும்பு. சிலிண்டரை அகலமாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டாலும் தாங்கும். மலைப்பாதைப் பந்தயத்துக்குக் கார் தயார் செய்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். என் கூட்டாளி ஸக்கரியாவும் அதைத்தான் கேட்டான்.

மாத்தளையில் என் கராஜில் இரண்டு பழைய பிளாக்குகளை இறக்கினோம். கழுவித் தொங்கவிட்டு, சுத்தியலால் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். ஒன்று ஒலித்தது. மற்றது தொப்பென்றது. அடியில், கிராங்க் தண்டு உட்காரும் இடத்தில், மயிரிழை வெடிப்பு.

ஸக்கரியா வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“பாத்தியா நுஹ்மான் மச்சான், இரும்புலதான் பழசுக்கு மதிப்பு.”

இருவரும் சிரித்தோம். ஸரீனாவை முதலில் எனக்குத்தான் பேசியிருந்தார்கள். எனக்கு வயது கூடிவிட்டதென்று அவளுடைய வாப்பா அவனுக்குக் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. கல்யாணத்தில் அவனோடு ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவன் நான்.

தொப்பென்றதை மேசையில் ஏற்றினேன்.

கிராங்கை இறக்குமுன் நான் உரக்க பிஸ்மில்லாஹ் சொல்வது கராஜுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அன்று சொல்லவில்லை. அல்லாஹ்வின் பெயரை அந்த வேலைக்குள் இழுக்க மனம் வரவில்லை. அந்தளவு பயபக்தி எனக்கு உண்டு.

“என்ன மச்சான், பிஸ்மி சொல்லலியே?”

“மனசுக்குள்ள சொன்னேன்.”

அவன் கேட்டது அது ஒன்றுதான். பிளாக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

வேகத்தில் எஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். எந்த வளைவில் என்றுதான் தெரியாது. எல்கடுவைக்கு ஏறும்போது கார் தேயிலைக்குள் உருண்டது. அவன் ஜனாஸாவை என் தோளிலும் சுமந்தேன். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள், ஸரீனாவின் இத்தா, முடியும்வரை அவள் வீட்டுப் பக்கம்கூடப் போகக் கூடாது என்றிருந்தேன். அந்த நல்ல பிளாக்கை எண்ணெய் பூசிச் சாக்கால் மூடி வைத்திருக்கிறேன்.

வெடிப்புக்குள் பழைய துரு இருந்ததால், அது விபத்துக்கு முந்தியது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் வாக்குமூலத் தாளை என் பக்கம் திருப்பினார். பேனாவை எடுத்தேன்.

“சேர், இத ஸரீனாவுக்கு வாசிச்சுக் காட்டுவீங்க தானே? பிளாக்கப் பத்தினது எல்லாம் இருக்கட்டும். பிஸ்மி சொன்னேன்னு அவன்கிட்ட சொன்ன பொய்ய மட்டும் வெட்டிருங்க. அவ என்னப் பத்தித் தப்பா நெனச்சுறக் கூடாது.”