தூங்குமூஞ்சி மரங்கள் வழியாக வந்தவை

குரங்குக்கு மலைப்பழத்தைவிடப் பூவன் பழம்தான் பிடிக்கும். பலருக்கு இது தெரியாது. விசாரணைக்கு வந்த இடத்தில் பழக்கடை வைக்கிறானே என்று நினைக்காதீர்கள். குரங்கு பிடிக்கிற கனகராஜ் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். அவன் விட்டதை நான் சொல்கிறேன்.

விலங்கியல் துறையில் நான் பதினோரு வருடம் விரிவுரையாளராக இருந்த பிறகு, 1970இல் ஜானு வந்து சேர்ந்தாள். மயிலாப்பூர்ப் பெண், என்னைவிட ஒன்பது வயது சின்னவள். கிண்டிக் காட்டுக்கும் அடையாற்றுத் தோப்புக்கும் நடுவே வீடுகள் முளைத்துவிட்டிருந்த சமயம். தோப்பில் அறுபது குரங்குகள். காட்டோடு தொடர்பு அறுந்ததால் இவை தங்களுக்குள்ளேயே கூடி ஒரே ரத்தமாகிவிடும், குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும் என்று நான் எழுதியிருந்தேன்.

"அப்படி ஆகாது சார்," என்றாள் ஜானு. "பெரிசான ஆண் குரங்கு பொறந்த கூட்டத்துல தங்காது. ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்து மேலயே தாவிண்டு கிண்டிலேர்ந்து வந்துடறது. நானே ரெண்டு பாத்தேன். ரத்தத்தையும் சோதிச்சுட்டேன், விதவிதமா இருக்கு."

துறைத் தலைவர் ராமானுஜம் அவளுடைய நாலு பக்கக் குறிப்பை எல்லார் முன்னாலும் இரண்டு தடவை படித்தார். என் நாற்பது பக்கத்தின் மேல் அவருடைய காப்பி டம்ளர் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. எரிச்சல் எல்லாருக்கும் வருகிறது, அடங்கியும் விடுகிறது. என்னுடையதும் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கனகராஜைப் பார்க்கச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடங்களுக்குக் குரங்கு அனுப்பும் ஒரு வியாபாரிக்கு அவன் பிடித்துக் கொடுப்பவன்.

"இன்னா சார், ஆம்பளயா பாத்துப் புடிக்கச் சொல்ற? குட்டிங்கதான் சுளுவா மாட்டும்," என்றான். குட்டிகள் வேண்டாம், கிண்டிப் பக்கத்திலிருந்து வரும் ஆண்கள் மட்டும் போதும் என்றேன்.

தோப்பில் ஜானு ஒரு காலையும் தவற மாட்டாள், வெள்ளிக்கிழமை தவிர. அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, கபாலி கோயிலுக்குப் போய்விட்டுப் பதினோரு மணிக்குத்தான் வருவாள். கூட்டம் மாறும் குரங்கு, காட்டின் ஓரத்தில் சில வாரம் தயங்கி நின்றுவிட்டுத்தான் கிளம்பும். வெள்ளிக்கிழமை தோறும் மரவரிசையின் கிண்டி முனையில் கூண்டு வைத்தோம். பூவன் பழம் நான் வாங்கினது.

நாலு வருடத்தில் இருபத்து மூன்று. ஜானு மரவரிசையின் தோப்பு முனையில் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தாள். காது கிழிந்த ஓர் ஆண் குரங்கைக் கிண்டியில் பார்த்துவிட்டு, அது நிச்சயம் வரும் என்று எட்டு மாதம் உட்கார்ந்தாள். முதல் மாதமே அது கப்பல் ஏறிவிட்டது. பாவம், வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நான்தான் பிளாஸ்கில் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன். "நீங்க ரொம்ப நல்லவர் சார்," என்பாள்.

1975இல் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். அந்த மரங்கள் குரங்குகளுக்குத் தேவையா என்று எங்கள் துறையைக் கேட்டார்கள். நாலு வருடமாக ஒன்றுகூட வரவில்லை என்று ஜானுவின் நோட்டே சொன்னது. அதைக் காட்டித்தான் பதில் எழுதினேன். ஒரே வாரத்தில் வெட்டி முடித்தார்கள். கனகராஜுக்கு அதற்குமேல் வேலை இல்லாமல் போயிற்று. அவன் கோபம் அதுதான். ஜானு வெட்டின மரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் பாத்தது பிரமையா சார்?" என்று கேட்டாள். கண் அப்படித்தான் ஏமாற்றும் என்று ஆறுதல் சொன்னேன். அந்த மாதமே வேலையை விட்டாள்.

அதற்குள் தோப்பில் ஒரே கிழட்டு ஆண் தன் மகள்களோடு கூட ஆரம்பித்திருந்தது. மரங்கள் போய் மூன்று வருடமாகிறது; இந்த வருடம் பிறந்த பதினொரு குட்டிகளில் ஏழு, ஒரு மாதம் தாண்டவில்லை. ஒன்றுக்கு விரல்கள் ஒட்டியிருந்தன. செத்த குட்டியைத் தாய் நாலு நாள் மார்பிலேயே வைத்திருந்தது. ரத்தத்தைச் சோதித்தேன், எல்லாம் ஒரே மாதிரி. நான் எழுதினபடியே. அன்று வீட்டுக்குப் பாதாம் அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

கட்டுரை வெளியாகிவிட்டது. அதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை, நீங்கள் சரிபார்க்கலாம். பொறாமையில் செய்தேன் என்று கனகராஜ் சொன்னானாம். பொறாமைக்காரனாக இருந்தால், கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஜானுவின் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருப்பேனா?