ராசி பார்க்க மூன்று நாள்

படபடவென்று நீங்கள் கதவைத் தட்டியபோது எனக்குப் பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்தது. மீதியையும் முடிக்கும்வரை வாசலிலேயே நின்றீர்கள். நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. என் தொழிலுக்கு முகம் சுத்தமாக இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்துத்தான் வைரத்தைக் கையில் வாங்குவார்கள்.

பெயர் நல்லசிவம். வயது ஐம்பத்திரண்டு. தியாகராய நகரில் வாடகை வீடு. தொழில் வைரத் தரகு. எனக்குக் கடை கிடையாது, சட்டைப் பைதான் கடை. நகைக்கடைக்காரர் கொடுக்கும் கல்லைப் பொட்டலமாக மடித்து, வேண்டியவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டுவேன். வியாபாரம் படிந்தால் தரகு.

தங்கம் யாருக்கும் ஆகும், வைரம் அப்படி இல்லை என்பது நம் ஊர் நம்பிக்கை. கல் வீட்டுக்கு வந்ததும் மூன்று நாள் வைத்து ராசி பார்ப்பார்கள். அந்த மூன்று நாளில் ஒரு கெட்ட கனவு வந்தால் போதும், கல் திரும்பிவிடும். முன்பணம் இல்லை, ரசீது இல்லை, வாய்ச்சொல்தான். இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டிலிருந்து திரும்பிய கல்லுக்கு விலை கொஞ்சம் இறங்கும். இரண்டாவது வீடும் திருப்பினால் பாதியாகும். மூன்றாவது வீடும் வேண்டாம் என்றால் கடைக்காரரே அதைத் தொடப் பயப்படுவார். எவனாவது கொண்டுபோனால் சரி என்று கிடைத்த விலைக்குத் தள்ளுவார். அந்த ‘எவனாவது’ நான்தான். பம்பாயில் விற்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு வாங்கினேன். அங்கே லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், பஞ்சாங்கம் பார்க்க மாட்டார்கள். முழு விலை கிடைக்கும். அங்கிருந்து ஹாங்காங், பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப் என்று போய்விட்டால், மைலாப்பூரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று அந்தக் கல்லா சொல்லப்போகிறது?

வெளிநாட்டில் சில பெரிய மனிதர்கள் கல்லைப் பெட்டியில் பூட்டிவைத்து விலையை ஏற்றுகிறார்கள். நான் பயத்தைத் திறந்துவிட்டு விலையை இறக்கினேன். இரண்டும் வியாபாரம்தான்.

முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. அறுபத்தொன்பதில் கோபாலபுரத்து வீடொன்றில் கல் போன இரண்டாம் நாள் பசுமாடு செத்தது. தானாகத்தான் செத்தது. அந்தக் கல்லின் விலை சரிந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாடுகள் எப்போதும் நமக்குத் தோதாகச் சாவதில்லை. அதனால் பிறகு நானே கொஞ்சம் உதவ வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் கிணற்றில் செத்த பூனை. ஒரு வீட்டுக்குப் பொய்த் தந்தி. அடையாற்றில் ஒரு நாய்க்குச் சோற்றில் ஏதோ கலந்தேன். மனிதர்களை நான் தொட்டதில்லை. இந்த வருஷம், எழுபத்துமூன்று ஆனி மாதம்வரை தொட்டதில்லை.

பாண்டி பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சியிடம் ஏழு கல் தோடு ஒரு ஜோடி இருந்தது. ஏற்கனவே இரண்டு வீடுகளிலிருந்து திரும்பியது. பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“எடுக்கும்போதே விரல் கூசுது வே. இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா என் கண்ணுலயே காட்டாதீரும். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுரும்.”

“சரி, அண்ணாச்சி” என்றேன்.

சித்திரைக்குளம் பக்கத்தில் கோமளம்மாள் வீடு. ஒரே பெண் மீனாட்சிக்கு ஆவணியில் கல்யாணம். தோட்டை வாங்கியதும் அந்தப் பெண் காதில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். மாடியில் தன் அறை அலமாரியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். தினமும் காலையில் வந்து சகுனம் கேட்டுப் போவது தரகரின் வழக்கம். அதனால் நான் அந்த வீட்டுக்குப் போனதை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

முதல் நாள் கொல்லைப்புறத்தில் செத்த காக்கை கிடந்தது. கோமளம்மாள் அதை முறத்தில் வாரி வெளியே போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

“காக்கா செத்தா காக்காக்குத்தான் தோஷம், பிள்ளைவாள். எங்காத்துக்கு என்ன வந்தது?”

“அதுக்குத் தோடு பிடிக்கலையோ என்னமோ” என்றாள் மீனாட்சி.

இருவரும் சிரித்தார்கள். ஐயா, அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. பயப்படாதவர்களோடு வியாபாரம் செய்து எனக்குப் பழக்கமில்லை.

இரண்டாம் நாள் திருச்சியிலிருந்து தந்தி. கோமளம்மாளின் நாத்தனாருக்கு உடம்பு மோசம் என்று இருந்தது.

“அவளைக் கேக்காம யாரோ கல்யாணப் புடவை எடுத்துட்டான்னு அர்த்தம்” என்றாள் கோமளம்மாள். “மாசத்துக்கு ஒரு தடவை அவளுக்கு சீரியஸ் ஆகும்.”

ஆனாலும் கூடப்பிறந்தவள் ஆயிற்றே என்று அவள் கணவர் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினார். வீட்டில் தாயும் பெண்ணும் மட்டும்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு ரிக்‌ஷா ஏறினேன். ஓட்டியவன் இனாயத், நம் பேட்டைக்காரன்தான்.

“இன்னா நைனா, மூணு நாளா ஒரே வூட்டுக்கு சவாரி வுட்டுக்கினு கீறே. பொண்ணு கிண்ணு பாக்கிறியா?”

நானும் சிரித்தேன். பையில் விளக்கெண்ணெய்ச் சீசா இருந்தது.

பால்காரனுக்காகக் கொல்லைக் கதவு திறந்திருந்தது. மாடி அறைக்குப் படிக்கட்டு அங்கேதான். மேலிருந்து மூன்றாவது படியில் ஊற்றினேன். ஒரு சுளுக்கு, அதிகம் போனால் கையில் ஒரு கட்டு, அவ்வளவுதான் நான் வேண்டியது. அவ்வளவுக்கே எந்தத் தாயும் கல்லைத் திருப்பிவிடுவாள். பிறகு தெருப்பக்கமாகச் சுற்றிவந்து வாசலில் குரல் கொடுத்தேன். கோமளம்மாள் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். நல்ல காபி. சத்தம் கேட்டபோது டம்ளரில் பாதி மிச்சம் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தெருமுனையில் காத்திருந்த என் ரிக்‌ஷாவில்தான் கொண்டுபோனோம். கூலி நான் கொடுத்தேன். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். கண் திறந்தே இருந்தது, என்னைப் பார்த்ததா என்று சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் போய்விட்டாள்.

படிக்கட்டு செங்குத்தாக இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. கீழே துணி துவைக்கும் கல் இருந்ததற்கும் நான் பொறுப்பில்லை.

காரியமெல்லாம் முடியட்டும் என்று பதினைந்து நாள் பொறுத்துத்தான் தோட்டைக் கேட்கப் போனேன். சாவு வீட்டில் அவசரப்படுகிறவன் இல்லை நான். கோமளம்மாள் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் வெளியே போயிருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்ததற்கே அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

“நான் சிரிச்சேன், பிள்ளைவாள். அந்தக் கல்லை வெச்சிண்டு சிரிச்சிருக்கப்படாது. எடுத்துண்டு போயிடுங்கோ. இன்னொரு ஆத்துல மட்டும் காட்டிடாதேங்கோ.”

“சரிம்மா.”

“மாடி அலமாரியில இருக்கு. என்னால அந்தப் படி ஏற முடியலை. நீங்களே போய் எடுத்துக்கோங்கோ.”

எழுந்து கொல்லைப்புறம்வரை என்னோடு வந்தாள். நான் ஏறினேன். படியெல்லாம் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது, வெயிலில் காய்ந்து கிடந்தது. எனக்கு ராசியிலும் நம்பிக்கை இல்லை, தோஷத்திலும் இல்லை. ஆனாலும் மேலிருந்து மூன்றாவது படி வந்தபோது கால் அதில் படாமல் அடுத்த படிக்குப் போயிற்று. நான் சொல்லிப் போகவில்லை, அதுவாகப் போயிற்று. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கும்போதும் அப்படியே ஆயிற்று.

கீழே வந்து சேர்ந்தபோது கோமளம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமே போடாமல்தான் கேட்டாள்:

“அங்க எண்ணெய் இருந்ததை அவர்கிட்டகூட நான் சொல்லலையே, பிள்ளைவாள்... நான்தான் சிந்திட்டேன், நான்தான் என் குழந்தையைக் கொன்னுட்டேன்னு வாயைத் திறக்காம கிடந்தேனே, நீங்க ஏன் அந்த ஒரு படியை மட்டும் தாண்டினேள்?”