ஈர மஞ்சள் புடவையில் என் பேத்தி ஆடியது பற்றி

என் பெயர் பாஞ்சாலி. வயது எழுபத்தொன்று. கணவர் பெயர் வெங்கடாசலம், அவர் இப்போது உயிரோடு இல்லை. விழுப்புரம் மாவட்டம் வளவனூரில் வாய்க்கால் ஓரத்துத் தெருவில் என் மகன் வேங்கடேசன் வீட்டில் இருக்கிறேன். சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) வைக்கிறோம். மூன்றாவது வரை படித்தேன், கையெழுத்துப் போடத் தெரியும். இந்த வழக்கில் பேர் சேர்த்திருக்கிற ஆர்த்தி, வேங்கடேசனுடைய மகள், என் பேத்தி. இன்று திண்டிவனத்தில் நடுவர் அம்மா முன்னால் யாரும் மிரட்டாமல் நானாகச் சொல்கிறேன். என்னை வளைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அது வரிசையில் வரும்போது சொல்கிறேன்.

ஆர்த்தி பாட்டுக்காரி. சினிமாவில் இல்லை. அவளே எழுதி அவளே பாடி போனில் போடுகிறாள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் அவள் பாட்டைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பாண்டிச்சேரியில் மேடை போட்டுக் கூப்பிடுகிறார்கள். அவள் பாட்டுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவன் ரஞ்சித் என்கிற பையன். அவனை எனக்கு ஆகாது. முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கிண்டிப் போட்ட கேப்பைக் களியைத் தின்றுவிட்டு “பாட்டிம்மா, உடம்புக்கு நல்லதுங்க இது” என்றான். ருசியாக இருக்கிறது என்று அவன் வாயில் வரவில்லை. அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

இந்த மாசிக்குப் பிறகு ஆர்த்தி ஒரு புதுப் பாட்டு கட்டினாள். பொம்பளை ஒருத்தி தனக்கு வேண்டியவனைத் தானே கூப்பிடுகிற பாட்டு. “நான் கூப்பிட்டா வா, போதும்னா போ” என்று அதில் வரும். என் மகன் அதைக் கேட்டுவிட்டு சோற்றுத் தட்டோடு எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். மறுநாள் மல்லாட்டைக்குக் களை எடுக்கும்போது அந்த ராகம் என் வாயில் வந்தது. பக்கத்தில் களை எடுத்தவர்கள் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.

அதன் பிறகு ரஞ்சித் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பை நிறைய உடுப்பு வாங்கி வந்தான். அதில் மீன் செதில் மாதிரி மினுக்குகிற ஒன்றை ஆர்த்தி எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது.

“இன்னாடி இது, உள்ள போடறதா?” என்று கேட்டேன்.

“இல்ல ஆயா, டிரெஸ்ஸே இதான்.”

“மீதி எங்க?”

“மீதி நான்தான்.”

ரஞ்சித் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, ஆடி மாசம் தீ மிதிக்க நான் கட்டுகிற மஞ்சள் புடவையை எடுத்து வந்தேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் துணி இருந்தால் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான் என்று சொன்னேன். அப்படித்தான் நான் நினைத்தேன். ஆர்த்தி புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். பிறகு “இதுதான் ஆயா வேணும், இது தெரியாம நான் இன்னாவோ தேடிக்கினு இருந்தேன்” என்றாள். வெளிச்சத்துக்குப் படத்தில் மஞ்சள் நிற்காது என்று ரஞ்சித் முனகினான். நிற்கும் என்றாள் இவள். அத்தோடு பேச்சு முடிந்தது.

அதன் பிறகு ஒரு நாள் விடியக் கிளம்பி, ஆர்த்தியும் நானும் ரஞ்சித்தும் அவன் ஆட்களும் படம் எடுக்கத் திருவக்கரைக்குப் போனோம். முதலில் அம்மனைக் கும்பிட்டோம். பிறகு ஊருக்கு வெளியே, கல் உடைத்து எடுத்துவிட்டு அப்படியே விட்ட ஒரு பள்ளத்துக்குப் போனோம். பள்ளத்துக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மழைத் தண்ணி ஊறி ஊறி அது குளமாக நின்றது. தண்ணி பச்சை. பாசிப் பச்சை இல்லை. விரியாத வாழைக் குருத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரு பச்சை தெரியுமே, அது. நாலு பக்கமும் பாறைச் சுவர். கீழே ஒருவர் இருமினால் மேலே வேறு யாரோ இருமுவது போலக் கேட்டது. மெஷினில் புகை விட்டார்கள். அது மேலே போகாமல் தண்ணி மேலேயே படுத்துக்கொண்டு தவழ்ந்தது. புடவை நான்தான் கட்டிவிட்டேன். கொசுவத்தை ஊக்குப் போட்டு இறுக்கிவிட்டேன். வேறு யார் கையும் அவள் மேல் படவில்லை.

அதன் பிறகு அவள் தண்ணியில் இறங்கினாள். பாட்டை ஓட்டமாகப் போட்டார்கள், கோழிக்குஞ்சு கத்துவது மாதிரி. அந்த வேகத்துக்கு இவளும் ஜல்தி ஜல்தியாக வாயசைத்து ஆட வேண்டும். நேரில் பார்க்க, ஈ விரட்டுகிறவள் போலத்தான் இருந்தது. பின்னால் அதை இழுத்து மெதுவாக்கினால் பாட்டும் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும் என்று சொன்னார்கள். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அவள் பல் அடித்துக்கொண்டது. நான் கம்பளியைப் போர்த்தினேன். “போதும் ஆயா, கம்பளி நனையுது” என்று தள்ளிவிட்டு மறுபடி இறங்கினாள். இறங்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான். ஒரு பெண், குளிர், கோழிக்குஞ்சுப் பாட்டு.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கயிற்றுக் கட்டில் மேல் கம்ப்யூட்டரை வைத்து ரஞ்சித் போட்டுக் காட்டினான். நானும் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணி அவள் முகவாயிலிருந்து கிளம்பி கீழே போய்ச் சேருவதற்குள் நான் ஒரு வெற்றிலையை நரம்பு கிள்ளி மடித்துவிடலாம். புடவை தண்ணிக்குள் தனியாக மூச்சு விட்டது. புகைக்குள்ளிருந்து அவள் எழுந்திருக்கிறாள், எழுந்திருக்கிறாள், எழுந்து முடியவே இல்லை. ஈரத்தில் துணி எங்கே ஒட்டுமோ அங்கே ஒட்டியிருந்தது. அவள் நேராக என்னைப் பார்த்தாள். இவள் நம் வீட்டுப் பெண்தானா, நேற்று தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி என் காலுக்கு நடுவே உட்கார்ந்தவள்தானா என்று எனக்கே கொஞ்சம் தடுமாறியது. இன்னமும் கண்ணை மூடினால் நேரில் பார்த்த வேகம் வருவதில்லை, அந்த மெதுவுதான் வருகிறது.

அப்போது ரஞ்சித் சொன்னான், “ஆர்த்தி, இந்த எடத்த மட்டும் சுருக்கா வெட்டிடறேன். பேஜாராயிடும்.”

“வெட்டாத. இன்னும் ஸ்லோ பண்ணு.”

“ஊர்ல சொந்தக்காரங்கள்லாம் பாப்பாங்க.”

“பாட்டு என்னுது. பண்ணு.”

இது என் காதால் கேட்டது. நான் சும்மா இருக்கவில்லை. “ஏண்டி, அவனவன் வாயப் பொளந்துகினு பாப்பானுங்களேடி” என்றேன்.

“பாக்கறதுக்குத்தான் ஆயா போடறேன். எப்பவுந்தான் பாக்கறானுங்க. பஸ்ல பாக்கறான், மளிகைக் கடையில பாக்கறான். அதுல என்னை யாரு கேட்டாங்க? இதுல எங்க பாக்கணும், எவ்ளோ நேரம் பாக்கணும்னு நான் சொல்றேன்.”

“நீ சொன்னா கேப்பானுங்களா?”

இதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அதன் பிறகு பாட்டு போனில் வந்தது. ஊர் ஊராகப் போனது. அதன் பிறகு எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டித் தலைவர் ஆனந்தராஜ், ஆர்த்தி ஆபாசமாக ஆடி அம்மனை இழிவு செய்துவிட்டாள் என்று போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார். கொடுத்த கையோடு கமிட்டிக்காரர்கள் போனுக்கெல்லாம் ஒரு துண்டுப் படம் அனுப்பினார். என் மகன் போனுக்கும் வந்தது. அதில் இடுப்பு மட்டும் இருந்தது. தலை இல்லை, கை இல்லை, பாட்டும் இல்லை, வேறு ஏதோ மேளம். இருக்கிற மெதுவு போதாதென்று இன்னும் இழுத்திருந்தார்கள். ‘நம்ம ஊர்ப் பொண்ணு பண்ற வேலையப் பாருங்க’ என்று கீழே எழுதியிருந்தது. முழுப் பாட்டை எங்கள் எல்லாரோடும் உட்கார்ந்து கூச்சமில்லாமல் பார்த்த ஆர்த்தி, இதைப் பார்த்ததும் கொடியில் கிடந்த துண்டை இழுத்து மேலே போட்டுக்கொண்டாள். அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. “ஆயா, இதுல என் மூஞ்சே இல்ல” என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அதன் பிறகு நான் ஆனந்தராஜுடைய உரக்கடைக்குப் போனேன்.

“எதுக்குப்பா என் பேத்தி மேல கேஸு?”

“பெரிம்மா, பொண்ணு ஆடினதுக்கு இல்லிங்க. ஊர்ல எவ்ளோவோ ஆடுதுங்க. மஞ்சப் புடவை அம்மனுக்குக் கட்டறது. பளபளன்னு துண்டு டிரெஸ் ஏதாவது போட்டுக்கினு ஆடியிருந்தா நாங்க ஏன் கேக்கப் போறோம்?”

“அம்மனுக்குக் கட்டினா மட்டும் நனைஞ்சா ஒட்டாதா?”

“அது பக்தி பெரிம்மா.”

“பக்தி எங்களுக்கு. உங்க அப்பனுக்கு இன்னா இருந்துச்சி? தீ மிதிக்கப் போற வரிசையில மோட்டார் ஓஸ் பைப்பப் புடிச்சிக்கினு நின்னது அவன்தான். எனக்கு அப்ப இருவத்தி நாலு வயசு. கால் சுடக் கூடாதுன்னு தண்ணி அடிக்கறது வழக்கம். அவன் எங்க அடிச்சான்னு கேளு, சொல்றேன்.”

“செத்தவரப் பத்திப் பேசாதீங்க.”

“அவன் செத்தான். தண்ணி பட்ட உடம்பு இதோ நிக்குது.”

கடையில் யூரியா வாங்க வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனந்தராஜ் கல்லாவை விட்டு இறங்கி வந்து தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார். ரஞ்சித்துதான் பெண்ணைக் கட்டாயப்படுத்தி ஆட வைத்தான் என்று வீட்டுப் பெரியவள் நான் சொல்லிவிட்டால், அவளைப் பாதிக்கப்பட்டவள் என்று ஆக்கி வழக்கிலிருந்து எடுத்துவிடலாம், கமிட்டியும் ஒத்துக்கொள்ளும் என்றார். நான் கடையை விட்டு வந்துவிட்டேன். அவர் என் மகனிடம் போய்ப் பேசியிருக்கிறார்.

இன்று காலை திண்டிவனம் வருகிற பஸ்ஸில் வேங்கடேசன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். விக்கிரவாண்டி தாண்டினதும் ஆரம்பித்தான்.

“ம்மா, ஒரே வார்த்த. அவன்தான் ஆட வெச்சான்னு சொல்லிடு. சின்னப் பொண்ணு, தெரியாம ஆடிட்டா. அவள வுட்டுடுவாங்க.”

“அந்தப் பையன?”

“அவன் நமக்கு இன்னா மாமனா மச்சானா? உனக்குத்தான் அவனக் கண்டாலே ஆவாதே.”

உண்மை. ஆகாது. ஜன்னலுக்கு வெளியே கரும்புப் பூ வெள்ளை வெள்ளையாகப் பின்னால் ஓடியது. முன் சீட்டில் யாரோ போனில் அதே பாட்டைப் போட்டார்கள். பஸ் குலுங்குகிறது, பாட்டு குலுங்கவில்லை. எனக்குத் தூக்கம் மாதிரி ஒன்று வந்தது. மெதுவாக எழுந்திருக்கிற அந்தப் பெண் மஞ்சளாகக் கரும்புக்கு மேலே கூடவே வந்தாள். கண் விழித்தபோது மகன் எழுந்து பின்னால் போயிருந்தான், அவன் இடத்தில் ஆர்த்தி இருந்தாள். அப்பன் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“ஆயா, கேஸ்ல என் பேரு இருந்தா இருக்கட்டும். என்னைப் பாவம்னு மட்டும் சொல்லிடாத. அப்பறம் அந்தப் பாட்ட யாரு பாடினது?”

திண்டிவனம் வந்தது, இறங்கினோம்.

உங்கள் பேத்தியை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று நடுவர் அம்மா கேட்கிறார்கள். இல்லை. ரஞ்சித் கட்டாயப்படுத்தவில்லை. அவன் வெட்டிவிடலாம் என்றான், அவள்தான் வேண்டாம் என்றாள். புடவை கொடுத்தது நான். கட்டிவிட்டதும் நான். புடவைக்காக யாரையாவது கேட்க வேண்டுமென்றால் என்னைக் கேட்கட்டும், அம்மனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். இடுப்பை மட்டும் வெட்டி எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. அதை ஊருக்கு அனுப்பியது ஆனந்தராஜ். அது என் பேத்தி ஆடின ஆட்டம் இல்லை. அதற்கு இதுவரை யார் மேலும் வழக்கு இல்லை. ஏன் என்று கேட்கிறேன்.

அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்குமா என்றும் கேட்கிறார்கள். பிடிக்காத இடம் உண்டு. தண்ணியில் மல்லாந்து கண்ணை மூடுகிற இடம். அதை அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் கேட்கவில்லை. அது எங்களுக்குள் இருக்கிற சண்டை, இன்னும் முடியவில்லை.

இப்படிச் சொன்னால் அவள் பேர் வழக்கில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். என் மகன் வெளியே புங்க மரத்தடியில் நிற்கிறான். நான் என்ன சொன்னேன் என்று அவனிடம் நானே போய்ச் சொல்கிறேன், வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் பேத்தியைப் பற்றி முதலில் எழுதிய இடத்தில் ‘சிறுமி’ என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அதை அடித்துவிட்டு, அவளுக்கு வயது இருபத்தாறு என்று என் முன்னால் இங்கே எழுதினார்கள். மற்றதெல்லாம் நான் கண்டது, கேட்டது, சொன்னது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)
வெ. பாஞ்சாலி