தொள்ளாயிரத்துப் பத்து ஓம்

உங்கள் அறை மின்விசிறி சத்தமே இல்லாமல் சுற்றுகிறது, சார். நல்ல வேலைப்பாடு.

வோல்டேஜ் ரெகுலேட்டர் என்றால் என்ன என்று கேட்டீர்கள். உள்ளே எத்தனை வோல்ட் வந்தாலும், வெளியே நாம் கேட்டதை மட்டும் கொடுக்கும் சின்னச் சில்லு. நாம் கேட்பது எவ்வளவு என்பதைப் பக்கத்தில் வைக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள், சொல்லும்; அவற்றின் அளவு ஓம் கணக்கில். ஒரு வகுத்தல், ஒரு கூட்டல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். என் தங்கை கணவனுக்கு அதுவும் வராது.

கம்பெனியில் எனக்கு மேலதிகாரி அவன்தான். வாய் இருக்கிறது, டை கட்டத் தெரியும், போதாதா? நுரையீரல் கெட்டுப்போன தன் அம்மாவுக்கு, தூக்கத்தில் காற்றைத் தள்ளிக்கொடுக்கும் கருவியைத் தன் கையாலேயே செய்யப்போவதாக ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தான். பிறகு என் மேஜைக்கு வந்தான்.

"மச்சான், அஞ்சு வோல்ட் வேணும். ஒரு ரெசிஸ்டர் இருநூத்தி நாப்பது ஓம். இன்னொண்ணு எவ்வளவு போடட்டும்?"

"தொள்ளாயிரத்துப் பத்து."

சரியான விடை எழுநூற்று இருபது. நான் சொன்னதைப் போட்டால் ஆறு வோல்ட் வரும். ஐந்து வோல்ட்டுக்கென்றே செய்த மற்ற சில்லுகள் கொஞ்ச காலம் ஓடும். சூடேறிச் சூடேறிச் சாகும். மீட்டரை வைத்து அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவன் அளக்கவில்லை. மோட்டார் சுற்றியதும் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டான். கருவி நின்றால் அடிக்கவேண்டிய அபாய மணிக்கும் அதே மின்சாரத்தைத்தான் கொடுத்திருந்தான். அப்படிப்பட்ட மண்டை.

ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். "உங்க ரெண்டு பேர் புண்ணியத்துல இப்பத்தான் தம்பி நிம்மதியா தூங்குறேன்" என்றார் அத்தை, அவன் அம்மா. கருவியின் மூடியில் கை வைத்தேன். சுட்டது.

"நல்லா ஓடுது அத்தை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே கருவி நின்றது. மணி அடிக்கவில்லை. காலையில் எழுப்பப் போன தங்கைதான் முதலில் பார்த்தாள். அவன் என் தோளில் விழுந்து, "என்னாலதான் செத்தாங்க மச்சான்" என்று அழுதான். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சரியாக ஒன்று சொன்னான் என்று நினைத்தேன்.

அதுவும் நிலைக்கவில்லை. இப்போது சில்லு பழுது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சில்லு மேல் ஒரு குற்றமும் இல்லை, சார். அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு நானாக வந்தேன்.

மூடி சுட்டபோதே ஏன் வாயைத் திறக்கவில்லை என்கிறீர்கள். அத்தை மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, தங்கமான மனுஷி. ஆனால் அன்றைக்கே சொல்லியிருந்தால், அவன் எப்போதுதான் கற்றுக்கொள்வான்?