எவர் டிராக்டருக்கும் ஒரே தண்டு

அவைத் தலைவர் ஹோல்ம் அவர்களே, ஓட்ஸ் தூசியை உதறவும் நேரமின்றி ஓடிவந்திருக்கும் நெப்ராஸ்காப் பெரியோர்களே, ரொட்டியை அடுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் அன்னையரே, டாக்மார் வெஸ்டன் வணங்குகிறேன்.

ஐந்தாண்டுக்கு முன் என் டிராக்டர் நடுவயலில் நின்றது. வானத்தில் ஆலங்கட்டி மேகம். பக்கத்து வயல் அன்டன் கிராடோக்வில் தன் டிராக்டரோடு ஓடிவந்தார். கதிரறுத்துக் கட்டும் என் எந்திரத்தைச் சுழற்ற வேண்டிய, அவர் டிராக்டரின் பின்புறத் தண்டோ சதுரம். அது நுழைய வேண்டிய என் எந்திரத்தின் துளையோ உருண்டை. சங்கிலியால் பிணைத்தார். சுழன்றதா? சுழன்றது, இருமடங்கு வேகத்தில். என் எந்திரம் கதிரைக் கட்டவில்லை ஐயா, வீசியது. ஒரு கட்டு அன்டனின் தலையிலேயே விழுந்தது.

"டாக்மார், இது அறுவடையா, சண்டையா?" என்றார்.

பின்வரிசையில் சிரிப்பவர்களே, நானும் சிரித்தேன். ஆனால் பாதி ஓட்ஸை ஆலங்கட்டி தின்றது. அன்றிரவு அழுதேன்.

அந்தக் குளிர்காலத்தில் டிராக்டர் செய்யும் பொறியாளர்கள் ஒமாஹாவில் கூடினார்கள். போனேன். தத்தம் தண்டே உயர்ந்தது என்று வாதம், எதிர்வாதம், விடாத வாதம்.

"வெளிய நாலு டிராக்டர் நிக்குது," என்றேன். "ஒருத்தர் தண்டுல இன்னொருத்தர் எந்திரத்த மாட்டிக் காட்டுங்க. மாட்டிட்டா நான் வீட்டுக்குப் போறேன்."

பனியில் ஒரு மணி நேரம் முட்டி மோதினார்கள். வெள்ளைச் சட்டை முழுதும் மசகோடு, அவர்களில் மூத்தவர் விட்கோம்ப் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"இவ்வளவு படிச்சும் இதச் செய்ய முடியலியேப்பா. உள்ள வாங்க, அளவெடுப்போம்."

ஒரே நாளில் முடிந்ததா? இல்லை. கடிதம் பறந்தது, கோபம் பறந்தது. இறுதியில் தண்டுக்கு ஆறு பல், ஒரே பருமன், ஒரே திசை, நிமிடத்துக்கு ஐந்நூற்று நாற்பதை ஒட்டிய சுழற்சி. யார் செய்தாலும் அதுதான்.

சென்ற செவ்வாயன்று அன்டனின் டிராக்டர் படுத்துவிட்டது. நான் என்னுடையதை ஓட்டிப்போனேன். என் தண்டு அவர் எந்திரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான். ஏறி ஓட்டுங்க."

மாலைக்குள் முப்பது ஏக்கர் முடிந்தது. அவர் மனைவி தந்த பழ ரொட்டியை வரப்பிலேயே தின்றோம்.

தோழர்களே, தோழியரே, சிவப்பு டிராக்டரா, பச்சையா, சாம்பலா? எதுவானால் என்ன? நாளை உங்கள் வயலில் எது பழுதாகி நின்றாலும், அறிமுகமே இல்லையென்றாலும், என் கதவைத் தட்டுங்கள். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி, விளைச்சல் பெருகட்டும்.